வீடு மாறுற வேகமும் லிஸ்ட் மாறுற வேகமும்

கொழும்புல ஏழைப் பிள்ளைகள் குறைவுன்னு சொல்லுறவங்க கையில எப்பவும் ஒரு நம்பர் இருக்கும். 2019 ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவு ஆய்வுல நாடு முழுக்க வறுமை 14.3 வீதம், முல்லைத்தீவுல 44.5, நுவரெலியாவுல 26.3, கொழும்பு மாவட்டத்துல வெறும் 2.3. நம்பர் பொய் இல்ல. மட்டக்குளியையும் கறுவாத்தோட்டத்தையும் மகரகமவையும் ஒண்ணாப் போட்டுக் கூட்டிப் பிரிச்சா அப்படித்தான் வரும். எனக்கு இருக்கிற பிரச்சினை வேற. அந்த நம்பரைப் பார்த்ததும் நம்ம மனசுல, நூறு பிள்ளைகள்ல இன்ன இன்ன பிள்ளைகள் ஏழை, மிச்சப் பேர் இல்ல, போன வருஷம் ஏழையா இருந்த பிள்ளைதான் இந்த வருஷமும் ஏழைன்னு ஒரு நினைப்பு தானா வந்து உட்காந்துக்குது. அது அப்படி இல்ல. வீதம் அசையாம ஒரே இடத்துல நிக்கும், ஆனா உள்ள இருக்கிற பிள்ளைகள் மாறிக்கிட்டே இருப்பாங்க, நாலு பேர் வெளிய வருவாங்க, வேற நாலு பேர் உள்ள போவாங்க, அப்படி உள்ள போற பிள்ளையோட வீட்டுல அந்த மாசம் என்ன நடந்துச்சுன்னு கேட்டா பதில் அனேகமா ஒரு வசனத்துல வந்துடும்: தம்பி பிறந்தான், அப்பா போயிட்டார், அம்மம்மா படுத்துட்டா, அம்மாவுக்கு வேலைக்குப் போக ஏலாமப் போச்சு.

இதை நான் முதல்ல பார்த்தது கடன் கொப்பியில. அப்பா ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு சின்ன சில்லறைக் கடை வச்சிருந்தார், அரிசி பருப்பு சீனி மண்ணெண்ணெய் சவர்க்காரம், காலையில பாண், அவ்வளவுதான். பெரிய சீ.ஆர். கொப்பி ஒண்ணுல ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம், மேல பேர் இருக்காது, அவருக்கு மட்டும் விளங்குற அடையாளம் இருக்கும், "இடியப்ப அக்கா", "மூலை வீட்டு நாட்டாமி", "டெய்லர்" அப்படி. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கணக்கைக் கூட்டுறது என் வேலை. பிறகு நான் கம்பெனி ஒண்ணுல கணக்குப் பிரிவுக்கே போனேன், எத்தனையோ லெட்ஜர் பார்த்திருக்கேன், ஆனா ஒரு குடும்பத்தோட கதையை அவ்வளவு நேரா எழுதி வச்ச கணக்கு அந்த சீ.ஆர். கொப்பி மாதிரி வேற ஒண்ணும் இல்ல.

இடியப்ப அக்காவோட பக்கத்தையே எடுத்துக்கோங்க. புருஷன் புறக்கோட்டையில நாட்டாமி, மூட்டை தூக்குற வேலை, அக்கா விடியக்காலை மூணு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சு ரெண்டு சாப்பாட்டுக் கடைக்குக் குடுப்பாங்க. அவங்க பக்கத்துல வெள்ளை மாவு, சிவப்பு மாவு, மாவு, மாவுன்னு வரும், கிழமை முடிவுல கணக்கு நேராகிடும், எப்பயாவது பிள்ளைகளுக்கு பிஸ்கட் பக்கட் கூட இருக்கும். மூணாவது பிள்ளை கிடைச்ச மாசத்துல இருந்து மாவு நிண்டுடுது. அந்த இடத்துல 400 கிராம் பால்மா வருது. பருப்பு அரைக் கிலோ கால் கிலோ ஆகுது, கொஞ்ச நாள்ல "பருப்பு 100" ன்னு வருது, மாசக் கடைசியில கூட்டுத்தொகை அடுத்த பக்கத்துக்குத் தாண்டுது. அந்த அண்ணனோட கூலி ஒரு சதம் குறையல. யாருக்கும் நோய் இல்ல. யாரும் குடிக்கல. ஒரு பிள்ளை பிறந்துச்சு, அதோட அம்மாவோட உழைப்பு நிண்டுச்சு, அவ்வளவுதான். "முதலாளி, இந்த மாசம் மட்டும் கொஞ்சம் பொறுங்க"ன்னு அக்கா கேட்கிறதும், அப்பா "சரி பிள்ள, எடுத்துட்டுப் போ"ன்னு சொல்லுறதும் அந்த வருஷம் முழுக்க நடந்துச்சு.

அதை நம்பர்ல போட்டுப் பார்ப்போம். 2019 க்கு உத்தியோகபூர்வ வறுமைக் கோடு ஒரு ஆளுக்கு மாசம் 6,966 ரூபா. நாலு பேர் இருக்கிற ஒரு வீடு மாசம் 32,000 செலவழிக்குதுன்னு வச்சுக்கோங்க, ஆளுக்கு 8,000, கோட்டுக்கு மேல, ஏழை இல்ல. ஒரு குழந்தை பிறக்குது, செலவழிக்கக் கையில இருக்கிறது அதே 32,000 தான், இப்ப அஞ்சு பேர், ஆளுக்கு 6,400. அந்த நாள்ல இருந்து அந்த வீட்டுல அஞ்சு பேரும் ஏழை. புதுசா வந்த குழந்தை மட்டும் இல்ல, நேத்து வரைக்கும் ஏழையா இல்லாத அக்காவும் அண்ணனும் சேர்த்து மூணு பிள்ளைகள் ஒரே நாள்ல கணக்குக்குள்ள வந்துடுறாங்க. இதுல அம்மாவோட வருமானம் நிண்டதை நான் இன்னும் கழிக்கவே இல்ல. பிள்ளைகளோட வறுமை வீதம் பெரியவங்களோட வீதத்தை விட அனேகமாக் கூடுதலா இருக்கிறதுக்கு ஒரு காரணம் இந்த வகுத்தல் கணக்குதான், பிள்ளைகள் அதிகமா இருக்கிற வீடுதான் கோட்டுக்குக் கீழ விழும், விழும்போது கூட்டமா விழும்.

நம்ம நாட்டுல இப்படித் தலைக்கு இவ்வளவுன்னு சமமா வகுக்கிறாங்க, கைக்குழந்தையும் மூட்டை தூக்குற ஆம்பிளையும் ஒரே கணக்கு. பணக்கார நாடுகள்ல வேற மாதிரி, முதல் பெரியவருக்கு 1, அடுத்த பெரியவருக்கு 0.5, பதினாலு வயசுக்குக் கீழ பிள்ளைக்கு 0.3 ன்னு நிறை குடுத்துக் கணக்குப் பார்ப்பாங்க. அந்த முறையில பிள்ளைகள் கூடின வீடு அவ்வளவு ஏழையாத் தெரியாது. எது சரின்னு கேட்டா, கொழும்புல வாடகையும் லைட் பில்லும் பிள்ளை கூடினதால பெருசா கூடாது, அது உண்மைதான், ஆனா சாப்பாட்டுக்கே முக்கால்வாசி போற வீட்டுல, பால்மாவும் டியூஷன் காசும் ஸ்கூல் வேனும் கட்டுற வீட்டுல, ஒரு பிள்ளை 0.3 ன்னு சொன்னா எந்த அம்மாவும் ஒத்துக்கமாட்டா. நானும் ஒத்துக்கமாட்டேன்.

இந்த விஷயத்தை நூத்திருபது வருஷத்துக்கு மேல முதல் ஒரு ஆள் கண்டுபிடிச்சு எழுதி வச்சுட்டார். இங்கிலாந்துல யோர்க் நகரம், 1899, சீபோம் ரௌன்ட்ரி, சொக்லேட் கம்பெனிக் குடும்பத்து ஆள். வீடு வீடா ஆள் அனுப்பி விசாரிச்சப்போ நகரத்து சனத்துல 27.84 வீதம் வறுமையில இருந்தாங்க. உடம்பை ஓட்டுறதுக்கே காசு காணாத வீடுகளை மட்டும் தனியா எடுத்து ஏன்னு பார்த்தா, பாதிக்கு மேல வேலை இருந்தும் கூலி காணாத வீடு, அஞ்சில ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட, பிள்ளைகள் கூடின வீடு, நூத்துக்குப் பதினஞ்சுக்கு மேல, உழைச்சவர் செத்துப்போன வீடு. அவர் இன்னொண்ணும் சொன்னார், அதுதான் எனக்கு முக்கியம். ஒரு கூலித் தொழிலாளியோட வாழ்க்கையில வறுமை மூணு தரம் வரும். சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஒரு தரம், தானும் சகோதரங்களும் உழைக்கத் தொடங்கினா அது போகும், கலியாணம் கட்டித் தனக்குப் பிள்ளைகள் பிறந்ததும் ரெண்டாவது தரம், அந்தப் பிள்ளைகள் உழைக்கத் தொடங்க அதுவும் போகும், வயசாகி வேலை செய்ய ஏலாம ஆனதும் மூணாவது தரம். அதாவது ஒரு தெருவுல ஒரு நாள் எண்ணிப் பார்த்தா காணுற ஏழைகளை விட, வாழ்நாள்ல எப்பயாவது ஏழையா இருந்தவங்க பல மடங்கு கூட.

நம்ம ஊர்ல அந்த வட்டத்துல ஒரு வித்தியாசம் இருக்கு, அம்மம்மா. அப்பம்மா, ஆயா, எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க. இலங்கையில வேலை செய்யிற இல்லாட்டி வேலை தேடுற பெண்கள் மொத்தம் மூணுல ஒரு பங்குதான், பல வருஷமா அந்த இடத்தை விட்டு நகரல. கொழும்புல நான் பார்த்த அளவுல வேலைக்குப் போற சின்னப் பிள்ளைகளோட அம்மாமாருக்குப் பின்னால அனேகமா ஒரு வயசான பொம்பிளை நிப்பா. காசு குடுத்துப் பிள்ளையை விடுற டே கெயார் துப்புரவு வேலைக்குப் போற அம்மாவோட சம்பளத்துக்குக் கட்டாது, அதனால அம்மம்மாவோட ரெண்டு கைதான் அந்த வீட்டோட ரெண்டாவது சம்பளம். அம்மம்மா ஒரு நாள் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சா, அந்த வீட்டுல நடக்கிறது ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் இல்ல. கொழும்பு பெரியாஸ்பத்திரியில வைத்தியம் இலவசம். ஆனா மகள் வேலையை விடணும், ஒரே நேரத்துல ஒரு சம்பளம் போகுது, பார்க்க வேண்டிய ஆள் ஒண்ணு கூடுது, ஓ.எல். எடுக்க வேண்டிய மூத்த பிள்ளை அரைவாசி நாள் வீட்டுல நிக்குது. எங்க தோட்டத்துல (கொழும்பு ஆக்களுக்கு விளங்கும், தேயிலைத் தோட்டம் இல்ல, நெருக்கி நெருக்கி வீடு இருக்கிற தோட்டம்) இப்படி நிண்ட பிள்ளைகள் பல பேர் பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்ல. 2016 ல இருந்து பதினாறு வயசு வரைக்கும் கட்டாயக் கல்வி, 2021 ல வேலைக்குச் சேர்க்கிற வயசையும் பதினாறா ஆக்கினாங்க, நல்ல சட்டங்கள், ஆனா வீட்டுல படுத்திருக்கிற அம்மம்மாவுக்குத் தண்ணி குடுக்கிற பிள்ளையை எந்த வேலைச் சட்டமும் பார்க்காது.

எதிர்ப்பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். டெய்லர் பக்கம் வருஷக்கணக்கா சிவப்பு மையில இருந்துச்சு, மூத்தவன் கப்பல் வேலைக்குப் போன வருஷத்துல இருந்து கடனே இல்ல, பிறகு பக்கமே இல்ல, அவங்க சூப்பர் மார்க்கெட்ல வாங்கத் தொடங்கிட்டாங்க. கடைசித் தங்கச்சியும் மூத்த அண்ணனும் ஒரே அப்பா அம்மாவோட பிள்ளைகள், ஆனா மூத்தவன் ஏழைப் பிள்ளையா வளர்ந்தான், கடைசித் தங்கச்சி அப்படி வளரல. ஒரே குடும்பத்துக்குள்ளேயே பிள்ளைப் பருவம் எந்த வருஷத்துல விழுந்துச்சுங்கிறதைப் பொறுத்து வேற வேற வாழ்க்கை. பாலர் வகுப்பு வயசுல சாப்பாடு காணாமப் போன பிள்ளைக்கு, பதினஞ்சு வயசுல வீடு நல்லாயிருந்து என்ன பிரயோசனம்ன்னு நான் யோசிச்சிருக்கேன். முழுக்கப் பிரயோசனம் இல்லைன்னு சொல்ல ஏலாது. ஆனா ரெண்டு வயசுக்குள்ள வளர்த்தியில விழுந்த குறையை நிரப்புறது மகா கஷ்டம், அதை எந்த டாக்டரும் சொல்லுவார்.

நாடு முழுக்க எடுத்தா, 1990/91 ல 26.1 வீதமா இருந்த வறுமை 2002 ல 22.7, 2006/07 ல 15.2, 2016 ல 4.1 ன்னு இறங்கிச்சு. (2016 ல 4.1, 2019 ல 14.3 ன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு மூணு வருஷத்துல மூணு மடங்கு ஆகிடுச்சுன்னு சில பேர் எழுதுறாங்க, அது பிழை, நடுவுல வறுமைக் கோட்டையே புதுசாப் போட்டாங்க.) இந்த இறக்கத்துக்குப் பொருளாதாரம் வளர்ந்தது, வெளிநாட்டுக் காசு, ரோடு, கரண்ட் எல்லாம் காரணம், ஆனா சத்தமில்லாத ஒரு காரணமும் இருக்கு, வீடு சுருங்கினது. எங்க பாட்டி காலத்துல அஞ்சு ஆறு பிள்ளைகள் சாதாரணம், 2019 ல ஒரு வீட்டுக்கு சராசரியா 3.7 பேர். 2019 ல நாட்டுல பிறந்த பிள்ளைகள் 3 இலட்சத்து 19 ஆயிரம், 2023 ல 2 இலட்சத்து 48 ஆயிரம். வகுக்கிற எண் சின்னதாக ஆக, அதே கூலிக்கு ஆளுக்கு வர்ற பங்கு கூடும். பெண் பிள்ளைகள் படிச்சாங்க, கலியாணம் பிந்திச்சு, பிள்ளைகள் குறைஞ்சாங்க, அந்த வகையில வறுமையைக் குறைச்சதுல 1945 ல தொடங்கின இலவசக் கல்விக்குப் பெரிய பங்கு இருக்குன்னு நான் நம்புறேன், அதை யாரும் வறுமை ஒழிப்புத் திட்டம்ன்னு பேர் வச்சுக் கூப்பிடுறது இல்ல.

ஆனா அந்த இறக்கத்துக்குக் கீழேயும் சின்னப் பிள்ளைகள் வேற கதை. காசை மட்டும் பார்க்காம சத்து, படிப்பு, வீடு, தண்ணின்னு பல பக்கமும் பார்க்கிற பல்பரிமாண வறுமைக் கணக்கை 2019 ஆய்வை வச்சு தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் போட்டப்போ, மொத்த சனத்துல 16 வீதம் ஏழை, ஆனா நாலு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளை அவங்களுக்குரிய சத்துக்குறைவும் ஆரம்ப வளர்ச்சியும் சேர்த்துப் பார்த்தா 42.2 வீதம். பத்துல நாலு பிள்ளை. இது கொரோனாவுக்கு முதல், டொலர் இல்லாமப் போறதுக்கு முதல். பிறகு 2022 வந்துச்சு. 2021 நடுவுல 380 ரூபாவா இருந்த பால்மா பக்கட் 2022 மார்ச்சில 790. செப்டெம்பர்ல கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியில சாப்பாட்டு விலை ஒரு வருஷத்துல 94.9 வீதம் கூடியிருந்துச்சு. உலக வங்கிக் கணக்குல நாலுல ஒருத்தர் வறுமைக்குள்ள. அந்த வருஷம் எந்த வீட்டோட அமைப்பும் மாற வேண்டிய தேவை இருக்கல, விலை தனியாவே போதும். ஆனா அப்பவும் எல்லா வீடும் ஒரே மாதிரி விழல. ரெண்டு சம்பளமும் ஒரு பிள்ளையும் இருந்த வீடு இறைச்சியை நிறுத்திச்சு, மீன் குறைச்சுது, தப்பிச்சுது. ஒரு சம்பளமும் மூணு பிள்ளையும் இருந்த வீடு ஒரு நேரச் சாப்பாட்டை நிறுத்திச்சு, சங்கிலியை அடகு வச்சுது, கிழமைக் கடன் எடுத்துச்சு, பல வீடுகள் இன்னும் அதைக் கட்டி முடிக்கல.

இப்ப நம்ம ஆக்கள் அடிக்கடி சொல்லுற ஒரு கதைக்கு வர்றேன். "அப்பா இல்லாத வீடு, அப்படித்தான் இருக்கும்." விதவையா இருக்கட்டும், புருஷன் விட்டுட்டுப் போனவளா இருக்கட்டும், அந்த வீட்டுப் பிள்ளை கஷ்டப்பட்டா, அது இயற்கை மாதிரி, மழை பெஞ்சா நனையிற மாதிரி பேசுறாங்க. இலங்கையில நாலுல ஒரு வீடு பெண் தலைமை தாங்குற வீடு. யுத்தம் பல பேரை அப்படி ஆக்கிச்சு, மிச்சம் மரணமும் பிரிவும் வெளிநாடும். ஒரு சம்பளம் இல்லாமப் போனா வீடு தள்ளாடும், அதை நான் மறுக்கல. ஆனா எவ்வளவு தள்ளாடணும்ங்கிறதை அந்தக் குடும்பம் தீர்மானிக்கிறது இல்ல.

அமெரிக்காவைப் பாருங்க, இந்தக் குடும்ப அமைப்பு விவாதம் அறுபது வருஷமா அங்கதான் பெருசா நடக்குது. அரசாங்க உதவியையும் சேர்த்துப் பார்க்கிற அவங்களோட கணக்குல 2020 ல பிள்ளைகளோட வறுமை 9.7 வீதம், 2021 ல 5.2, 2022 ல 12.4. ஒரே வருஷத்துல கிட்டத்தட்டப் பாதியாகி அடுத்த வருஷம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறிச்சு. 2021 ல அந்த நாட்டுத் தனி அம்மாமார் எல்லாரும் கலியாணம் கட்டி 2022 ல திரும்பப் பிரிஞ்சாங்களா? இல்ல. அந்த வருஷம் பிள்ளைகளுக்கான வரிச் சலுகையைப் பெருசாக்கி, ஜூலையில இருந்து டிசம்பர் வரைக்கும் ஆறு வயசுக்குக் கீழ ஒரு பிள்ளைக்கு மாசம் 300 டொலர் வரைக்கும், பெரிய பிள்ளைக்கு 250 டொலர் வரைக்கும் நேரா பேங்க்ல போட்டாங்க, வேலை இருக்கா இல்லையான்னு பார்க்கல, அப்பா இருக்காரா இல்லையான்னு பார்க்கல. பிறகு நிறுத்தினாங்க. வீடுகள் அதே வீடுகள். 2017 ல சமூகவியல் ஆய்வாளர் டேவிட் பிரேடியும் கூட ரெண்டு பேரும் 29 பணக்கார ஜனநாயக நாடுகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வு செஞ்சாங்க. தனித் தாய், வேலை இல்லாமை, சின்ன வயசுல குடும்பத் தலைமை, படிப்புக் குறைவு, இந்த நாலும் எவ்வளவு பேர்கிட்ட இருக்குன்னு ஒரு பக்கம், இருந்தா அதுக்கு அந்த நாடு எவ்வளவு தண்டனை குடுக்குதுன்னு, அதாவது எவ்வளவு தூரம் வறுமைக்குள்ள தள்ளுதுன்னு மறுபக்கம். அமெரிக்காவுல இந்த மாதிரி நிலைமையில இருக்கிற ஆக்கள் சராசரியை விடக் குறைவு, ஆனா தண்டனை அங்கதான் ஆகக் கூட.

லண்டன்ல இருக்கிற நம்ம சொந்தக்காரங்களுக்கு இது இன்னும் நல்லா விளங்கும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு பிறந்த மூணாவது பிள்ளைக்கு அங்க குடும்ப உதவித் தொகையில பங்கு இல்லைன்னு ஆக்கினாங்க. பிறந்த ஒழுங்கு மூணாவதா இருந்தது அந்தப் பிள்ளையோட குத்தமா? 2025 நவம்பர் பட்ஜெட்டில அந்த விதியை நீக்குறதா அறிவிச்சாங்க. அந்த எட்டு வருஷத்துக்குள்ள பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் காலம் திரும்பி வராது.

இங்க அந்தத் தண்டனை எப்படி வேலை செய்யுதுன்னு கிட்ட இருந்து பார்த்ததைச் சொல்றேன். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி, ரெண்டு பிள்ளைகள், புருஷன் வேற குடும்பம் வச்சுட்டுப் போயிட்டார். 1999 ஆம் ஆண்டு 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் இருக்கு, நீதவான் நீதிமன்றத்துல வழக்குப் போட்டா பிள்ளைகளுக்குத் தாபரிப்புக் காசு கட்டச் சொல்லிக் கட்டளை எடுக்கலாம். எடுத்தா. முதல் மாசம் கட்டினார், அடுத்த மாசம் பாதி, பிறகு இல்ல. நிலுவையை வசூலிக்கத் திரும்பக் கோர்ட்டுக்குப் போகணும், அந்த நாள் அவளோட நாட்கூலி இல்ல, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்ல, வக்கீல் காசு வேற, அவர் வராட்டி தவணை, திரும்ப ஒரு நாட்கூலி. கூட்டிப் பார்த்தா வர வேண்டிய தாபரிப்பை விட அதை எடுக்கப் போற செலவு கூட. கடைசியில "விடுங்க அக்கா, நான் உழைச்சுக்கிறேன்"ன்னு சொன்னா. அந்தப் பிள்ளைகளை ஏழையாக்கினது அப்பா போனது மட்டும்ன்னு நான் எழுதமாட்டேன். கட்டளை கையில இருந்தும் காசு வராமப் போன அந்த வழியும் சேர்ந்துதான். இந்தத் தாபரிப்பை அரசாங்கமே முதல்ல அம்மாவுக்குக் குடுத்துட்டுப் பிறகு அப்பாக்கிட்ட இருந்து அறவிடுற நாடுகள் இருக்கு, ஜெர்மனி, சுவீடன் மாதிரி. நம்மளால அது ஏலாதுன்னு எனக்குத் தோணல, சம்பளத்துல இருந்து கழிச்சு எடுக்கிற லோனை பேங்க் ஒழுங்கா எடுக்குதே.

வெளிநாடு போற அம்மாமார் விஷயத்துலயும் இதே மனநிலைதான். 2013 ல குடும்பப் பின்னணி அறிக்கைன்னு ஒண்ணு கொண்டுவந்து, அஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாதுன்னு தடுத்தாங்க, டொலர் தட்டுப்பாடு வந்ததும் 2022 ல அந்த வயசை ரெண்டா இறக்கினாங்க. அம்மா இல்லாம வளர்ற பிள்ளையோட வலி உண்மை, நான் அதைப் பார்த்திருக்கேன், அதைச் சின்னதாப் பேசமாட்டேன். ஆனா போகாதன்னு சொல்லுற அறிக்கை ஒரு பக்கட் பால்மா கூட வாங்கித் தரல, அப்பாமாருக்கு அப்படி ஒரு அறிக்கையும் இல்ல.

கொழும்புக்குள்ளயே இன்னொரு வீடு இருக்கு, அது எந்தக் கணக்குலயும் முழுசா விழாது. வெள்ளவத்தையில, பம்பலப்பிட்டியில, கொள்ளுப்பிட்டியில வீட்டு வேலைக்கு நிக்கிற மலையகத்து அம்மாமார். அவங்களோட பிள்ளை மஸ்கெலியாவுல இல்லாட்டி பொகவந்தலாவையில லயத்துல ஆயாவோட இருக்கும். கணக்கெடுப்புல ஒரு வீடுன்னா ஒண்ணா இருந்து ஒரே அடுப்புல சாப்பிடுற ஆக்கள், அப்போ அந்தப் பிள்ளை ஆயாவோட வீட்டுக் கணக்குல வரும், அம்மா கொழும்புல நிக்கிற வீட்டுக் கணக்குல வருவா, கூட்டிப் பிரிச்ச சராசரியில கொழும்பு இன்னும் பளபளப்பாத் தெரியும். 2019 ல பல்பரிமாண வறுமை தோட்டப்புறத்துல 51.3 வீதம். அந்த 51.3 க்குள்ள இருக்கிற எத்தனையோ பிள்ளைகளோட அம்மா நம்ம வீட்டுக் குசினியில நிக்கிறா. மலையகத்து வறுமைன்னு அதைத் தூர வச்சுப் பேசுறது எனக்குப் பிடிக்காது. அந்த அம்மாவுக்கு நாம குடுக்கிற சம்பளமும், லீவு குடுக்கிறோமா இல்லையாங்கிறதும் அந்தப் பிள்ளையோட வறுமை வீதத்துக்குள்ள இருக்கு.

அடுப்புக் கணக்கு மாடிவீடுகள்ல இன்னும் சிக்கல். தோட்டங்களை உடைச்சு சனத்தை பிளட்ஸுக்கு மாத்தினப்போ, முன்னால ஒரே முத்தத்தைச் சுத்தி மூணு குடும்பமா, பிள்ளைகளை மாறி மாறிப் பார்த்துக்கிட்டு இருந்தவங்க, ஒருத்தர் நாலாம் மாடி, ஒருத்தர் வேற பில்டிங், ஒருத்தர் ஒரே பிளட்டுக்குள்ள அறைக்கு ஒரு குடும்பம்ன்னு ஆனாங்க. கக்கூஸ் உள்ளுக்கு வந்துச்சு, வெள்ளம் வராது, அது பெரிய நன்மை, குறைச்சுச் சொல்லமாட்டேன். ஆனா பிள்ளையை ஒரு எட்டு எட்டிப் பார்க்க இருந்த பக்கத்து வீட்டு மாமி இல்லாமப் போனதால வேலையை விட்ட அம்மாமார் இருக்காங்க. வீடு நல்லாச்சு, வீட்டு வருமானம் இறங்கிச்சு. ரெண்டும் ஒரே வருஷத்துல.

இப்ப அஸ்வெசும, அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்கு மாசா மாசம் குடுக்கிற உதவித் தொகை. அதுக்கு முதல் இருந்த சமுர்த்தி 1995 ல இருந்து ஓடி, கட்சிக்காரனுக்கும் தெரிஞ்சவனுக்கும் போகுதுன்னு பேர் கெட்டுப்போய், 2023 ஜூலையில இருந்து அஸ்வெசும வந்துச்சு. படிப்பு, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்புன்னு ஆறு பக்கத்துல 22 குறிகாட்டி, அதை வச்சுப் புள்ளி, புள்ளியை வச்சு, தொடங்கினப்போ மாசம் 2,500 ல இருந்து 15,000 ரூபா வரைக்கும் குடுத்தாங்க. குடும்ப அமைப்பைக் கேட்கிறதே முன்னேற்றம், நான் அதை வரவேற்கிறேன். ஆனா வீட்டுக்கு வந்து தகவல் எடுத்தது ஒரு தரம், ஏழைகளுக்கும் மிக ஏழைகளுக்கும் குடுக்கிறதுக்குன்னு அப்போ வச்ச காலம் மூணு வருஷம். வந்து எழுதின நாள்ல அம்மம்மா நடமாடிக்கிட்டு இருந்தா, புருஷன் வீட்டுல இருந்தார், ரெண்டு பிள்ளைதான். ஆறு மாசத்துல மூணும் மாறிடுச்சு. அந்த வீடு லிஸ்ட்ல இல்ல. மேன்முறையீடு செய்யலாம், அதுக்குக் காலம் திறக்கணும், பிரதேச செயலகத்துக்குப் போகணும், திரும்ப ஒரு நாட்கூலி. மூணு வருஷம்ங்கிறது அதிகாரிக்கு ஒரு திட்டக் காலம். பிறந்த குழந்தைக்கு அது மூளையும் எலும்பும் ஆக வேகமா வளர்ற காலம்.

மாற்றம் நடந்த உடனே தெரிஞ்சுக்கிற ஆள் அரசாங்கத்துக்குள்ளேயே இருக்கிறாங்க. மிட்வைஃப் மிஸ். கர்ப்பம்ன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து வீட்டுக்கு வருவாங்க, பிறந்த பிறகு வருவாங்க, பிள்ளையோட நிறையை கார்ட்ல குறிப்பாங்க, கோடு கீழ இறங்கினா திரிபோஷ சத்துமா எழுதிக் குடுப்பாங்க, புருஷன் இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேட்பாங்க, பாயில படுத்திருக்கிற அம்மம்மாவையும் பார்த்துட்டுத்தான் போவாங்க. வகுப்பு டீச்சருக்கும் தெரியும், பிள்ளை வெறும் வயித்தோட வர்ற நாள் தொடங்கினது எந்த மாசம்ன்னு. கிராம சேவகருக்கும் மரணமும் பிரிவும் காதுக்கு வரும். இவ்வளவு பேருக்குத் தெரிஞ்ச விஷயம் உதவித் தொகையைத் தீர்மானிக்கிற கம்ப்யூட்டருக்கு மட்டும் மூணு வருஷம் தெரியாம இருக்கிறதை நான் ஏத்துக்கமாட்டேன். நான் கேட்கிறது பெரிய திட்டம் இல்ல. பிள்ளை பிறந்தா, உழைக்கிற ஆள் செத்தா, பிரிஞ்சு போனா, வீட்டுல ஒருத்தர் படுக்கையில விழுந்தா, மிட்வைஃபோ டீச்சரோ கிராம சேவகரோ ஒரு பாரம் நிரப்பினா அந்த வீட்டோட புள்ளியை அந்த மாசமே திரும்பப் பார்க்கணும், பார்த்து முடியிற வரைக்கும் அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு ஒரு தொகை தானா போகணும். பிறகு தகுதி இல்லைன்னு தெரிஞ்சா நிறுத்திக்கலாம், குடுத்ததைத் திருப்பிக் கேட்க வேணாம்.